மேல்காதில் ஒரு கல்

அத்தியாயம் 11

தலையணை உறையில் படிந்திருந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்துவிட்டு ஸ்டீம் அக்கா அப்படியே நின்றாளே, அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாக உறையும் கையுமாக நிற்கிறாள். இனிமேலும் நிற்கவைத்தால் நமக்குத்தான் பாவம்.

இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பையில் போட்டு ஒட்டி, நீராவிப் பெட்டியில் வேகவைத்துக் கொடுக்கிற அறை ஒன்று உண்டு. அதில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள் இவள். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், கல்லூரியில் முதல் வருஷம். ஆள் பொடிசு, வாய் காரம், ஆகவே வீட்டில் அவள் மிளகு. மெக்கானிக்கின் தங்கை இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருக்கிறாள். மிளகுக்கு அத்தை என்றால் உயிர். அத்தைக்கும் அப்படித்தான்.

"மிளகு, தலையைத் திருப்பு."

"காலேஜுக்கு லேட் ஆச்சும்மா."

"திருப்புன்னு சொன்னேன்."

ஐந்து நாளாக அந்தப் பெண் முடியை இடது பக்கமே வழியவிட்டுக்கொண்டு திரிந்தாள். புது ஸ்டைல் என்று அவள் அப்பாவே மெச்சினார். ஊரார் வீட்டுக் கத்தரியில் ஒட்டிய துளி ரத்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவளுக்குச் சொந்த மகளின் காது கண்ணில் படவில்லை. அந்த எரிச்சலோடுதான் முடியை ஒதுக்கினாள்.

காதின் மேல்பாதி தக்காளிப் பழமாகச் சிவந்து வீங்கியிருந்தது. வீக்கத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கல் கம்மல், பாதி புதைந்து கிடந்தது. பின்பக்கப் பூட்டு தோலில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. அதைச் சுற்றிச் சீழ். கீழே தொங்கும் சதை மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நன்றாக இருந்தது.

"யாரு குத்துனது?"

மிளகு முடியை மறுபடி காதின் மேல் இழுத்துவிட்டாள்.

"அத்தையா?"

"நீதான் லீவு வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்னே. எத்தனை லீவு வந்துட்டுப் போச்சு? உனக்கு எப்பவும் ட்யூட்டிதான்."

"அதை அப்புறம் பேசலாம். எதால குத்தினா? ஊசியா, காது குத்துற துப்பாக்கியா?"

"துப்பாக்கிதான். டப்புன்னு ஒரே அடி. வலிக்கவே இல்ல தெரியுமா?"

"இப்ப?"

மிளகின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா. அந்தப் பக்கம் தலை வைக்கவே முடியல. சொன்னா அத்தையைத் திட்டுவேன்னுதான் சொல்லல."

திட்டுவதற்காகத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சுட்டது.

"செருப்பைப் போடு."

"காலேஜ்..."

"காலேஜ் எங்கேயும் ஓடிப்போகாது. செருப்பைப் போடு."

காது மூக்கு டாக்டர் அம்மாவுக்கு ஸ்டீம் அக்காவைப் பத்து வருஷமாகத் தெரியும். முகம் பார்த்துப் பேசியது குறைவு. கருவிப் பைகளின் மேல் இருக்கும் கையெழுத்தை வைத்துத்தான் பழக்கம். மிளகின் காதைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள் டாக்டர்."

"மெஷின்ல குத்தினதா?"

மிளகு தலையாட்டினாள்.

டாக்டர் ஒரு கருவிப் பையைப் பிரித்தார். ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் கண்ணாடித்தாள் உள்ள பை. ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். உள்ளே வைத்து ஒட்டும்போது அது ரோஸ் நிறம். நீராவியில் முழுசாக வெந்து வந்தால் பழுப்பாக மாறிவிடும். பழுப்பாகாத பையை இந்த ஆஸ்பத்திரியில் யாரும் தொடமாட்டார்கள். நேற்று ஸ்டீம் அக்கா தன் கையால் ஒட்டித் தேதி எழுதிய பை அது. அதற்குள் இருந்த கத்தி தன் மகளின் காதுக்கு வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டும் மிளகு அம்மாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். கம்மல் வந்தது. சீழும் வந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகமாக.

"ஏன் டாக்டர் இவ்வளவு?" என்றாள் மிளகு. "என் ஃபிரெண்டு கீழ்க்காதுல துப்பாக்கியாலதான் போட்டா. அவளுக்கு ஒண்ணுமே ஆகல."

"கீழ்க்காது வெறும் சதைம்மா, அடிச்சாத் தாங்கும். மேல்காது குருத்தெலும்பு. அதுல ரத்த ஓட்டம் கம்மி. துப்பாக்கி ஒண்ணும் அழகா ஓட்டை போடுறதில்ல. மொட்டையான கம்மலை ஸ்பிரிங் வேகத்துல அடிச்சு நசுக்கி உள்ள தள்ளுது. அதோட கிருமியும் போச்சுன்னா, அங்க போய்ச் சண்டை போட ரத்தம் வந்து சேராது."

"அப்போ மேல்காதுல குத்தவே கூடாதா?"

"குத்திக்கலாம். தெரிஞ்சவங்ககிட்ட. கூரான குழல் ஊசி இருக்கு. கையுறை போட்டுக்கிட்டு, உன் கண்ணு முன்னாடி புதுப் பை பிரிச்சு, குத்தி முடிச்சதும் ஊசியைத் தூக்கிப் போட்டுடணும். இன்னொருத்தர் காதுக்கு அது போகக் கூடாது." டாக்டர் கட்டுப் போட்டபடியே ஸ்டீம் அக்காவைப் பார்த்தார். "இதெல்லாம் உங்கம்மாவுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன?"

சொல்லித் தர வேண்டாம். அதனால்தான் அவள் முகம் அப்படி இருந்தது.

"டாக்டர், காது... வடிவம் மாறிடுமா?"

டாக்டர் ஸ்டீம் அக்காவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "குருத்தெலும்பு செத்திருந்தா காது மேல சுருங்கிடும். பிழைச்சிருந்தா தப்பிச்சோம். ரெண்டு நாள் ட்ரிப்ல மருந்து ஏத்திட்டுத்தான் சொல்ல முடியும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா இதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. காது என்ன ஆகும்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும். ரத்தத்துல பரவுறது ஏதாவது வந்திருந்தா மாசக்கணக்குல வெளியே தெரியாது. மஞ்சள் காமாலை பி வகை, அந்த மாதிரி. அந்தத் துப்பாக்கி இவளுக்கு முன்னாடி யார் காதுல இருந்துச்சு? எனக்கு அது தெரியணும். இன்னைக்கே தெரியணும்."

"கேட்டுட்டு வரேன்."

"கோபப்படாம கேளுங்க. கோபப்பட்டா பொய் சொல்லிடுவாங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டார் டாக்டர். நாத்தனாரிடம் கோபப்படாமல் பேசுவது எப்படி என்று எந்த மருத்துவக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

கிளம்பும்முன் மிளகிடம் போனாள். கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட தலையோடு இன்னும் பொடிசாகத் தெரிந்தாள்.

"அத்தையைத் திட்டாதம்மா."

"திட்டல."

"அவங்க சுத்தமாத்தான் பண்ணினாங்க. பையில இருந்துதான் துப்பாக்கியை எடுத்தாங்க. உங்க ஆஸ்பத்திரிப் பைதான், அதே பை. அதைப் பார்த்துத்தான் நான் சரின்னே சொன்னேன்."

ஸ்டீம் அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

போன வருஷம் ஸ்டோரில் காலாவதியான பைச் சுருள்கள் இரண்டு குப்பைக்குப் போக இருந்தன. வீணாகப் போகிறதே என்று ஒரு சுருளை எடுத்துவந்து நாத்தனாரிடம் கொடுத்தவள் அவளேதான். சீப்பு, கத்தரியைத் தூசி படாமல் போட்டு வை என்றுதான் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டையைப் பற்றி யாருக்கும் விளக்கம் தேவைப்படாத அறையிலேயே இருந்து பழகியவள்.

"என் காது நல்லா ஆயிடும்லம்மா?"

"ஆயிடும்," என்றாள். பத்தொன்பது வருஷத்தில் பட்டை பார்க்காமல் அவள் கொடுத்த முதல் உத்தரவாதம் அது.

அழகு நிலையத்தில் இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, எப்போதும் ஷாம்பு வாசனை. வாசல் கதவில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது: 'ஆஸ்பத்திரி சுத்தம்! ஒரே நொடியில் காது!' படித்ததும் அவளுக்குக் காதிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது.

கதவைத் தள்ளினாள். நாற்காலியில் ஒரு பெண், முடியைத் தூக்கிப் பிடித்தபடி. அவள் காதோரம் நாத்தனார் குனிந்திருந்தாள். கையில் வெள்ளைத் துப்பாக்கி, விரல் விசையில்.

"கீழே வை!"

கோபப்படாமல் கேட்க வேண்டும் என்பது வாசலோடு போயிற்று. நாற்காலிப் பெண் துள்ளினாள். நாத்தனாரும் துள்ளினாள்.

"அண்ணி! என்ன அண்ணி, உயிரே போயிடுச்சு."

"மெஷின் ரிப்பேர்," என்றாள் ஸ்டீம் அக்கா அந்தப் பெண்ணிடம். "இன்னைக்குக் குத்த முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க."

"ரிப்பேரா? இப்பதானே..."

"ரிப்பேர்."

அந்தப் பெண் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், புத்திசாலி.

"என்ன அண்ணி இது? கஸ்டமர் முன்னாடி மானத்தை வாங்குறீங்க?"

"மிளகு ஆஸ்பத்திரியில இருக்கா."

நாத்தனாரின் கையில் இருந்த துப்பாக்கி மேசைக்கு இறங்கியது. "என்னாச்சு?"

"காதுல சீழ். கிழிச்சு எடுத்திருக்காங்க. ட்ரிப் ஏறுது. காது தங்குமா, சுருங்குமான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

"அய்யய்யோ! சும்மா சிவந்திருக்குன்னுதானே போன்ல சொன்னா. கம்மலைத் திருப்பித் திருப்பி விடு, ஸ்பிரிட் வச்சுத் துடைன்னு சொன்னேன்..."

"புண்ணைத் திருப்பித் திருப்பிக் கிளறச் சொன்னே."

"எல்லாருக்கும் அதைத்தானே சொல்றேன்! என் கடையில இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல. சுத்தம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. பாருங்க!"

சுவரைக் காட்டினாள். ஆணியில் வரிசையாகப் பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் துப்பாக்கியோ கம்மலோ. ஓரத்தைக்கூட அழகாக ஒட்டியிருந்தாள். தேதி எழுதியிருந்தாள். ஸ்டீம் அக்கா ஒரு பையைக் கழற்றி அவள் கண் முன்னால் நீட்டினாள்.

"இந்தப் பட்டை என்ன கலர்?"

"ரோஸ்."

"நீராவியில வெந்திருந்தா இது பழுப்பா மாறியிருக்கும். இது வேகவே இல்ல. வெறும் கவர்."

"வேகவச்சா பிளாஸ்டிக் உருகிடுமே அண்ணி!"

"அதேதான். வேகவைக்க முடியாத சாமானை வச்சு ஒருத்தர் தோலைக் கிழிக்கலாமா?"

"மூணு தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன்."

"வெளியே துடைப்பே. உள்ள ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல தெறிச்ச ரத்தத்தை எதை வச்சுத் துடைப்பே?"

நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ இந்தப் பையை எதுக்குக் கொடுத்தீங்க? நீங்கதானே கொண்டுவந்து கொடுத்தீங்க? உங்க கையால வந்ததுன்னுதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

சண்டை போட வந்தவளுக்கு அந்த இடத்தில் சண்டை தீர்ந்துபோயிற்று. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆமா. நான்தான் கொடுத்தேன். கொடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம போனது என் தப்பு. மிளகு அந்தப் பையைப் பார்த்துத்தான் நம்பியிருக்கா."

அண்ணி தப்பு என்று ஒப்புக்கொண்டு நாத்தனார் இதுவரை கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன்மேல பழி போட வரல," என்றாள் ஸ்டீம் அக்கா. "டாக்டர் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அந்தத் துப்பாக்கியை மிளகுக்கு முன்னாடி யாருக்கு வச்சே?"

"யாருக்கும் இல்ல அண்ணி. சத்தியமா. இது புது மெஷின். சனிக்கிழமை காலையிலதான் டப்பாவே பிரிச்சேன். மிளகுதான் முதல் கஸ்டமர்."

"நிஜமாவா?"

"உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

அப்பாடா! தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். காலையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த இரண்டு பாரத்தில் ஒன்று இறங்கியது. காது மட்டும்தான் இனி. கடவுளே, அதையும் பார்த்துக்கொள். டாக்டருக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

நாத்தனார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். குனிந்தபோது அவள் கீழ்க்காதில், வழக்கமான தோட்டுக்கு மேலே, புதிதாக ஒரு வெள்ளைக் கல் தெரிந்தது. காலையில் டாக்டர் இடுக்கியில் எடுத்துத் தட்டில் போட்டாரே, அதன் ஜோடி.

"நீயும் போட்டிருக்கியா?"

"ம்."

"எப்போ?"

"அன்னைக்குத்தான்." நாத்தனார் துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "புது மெஷின். ஸ்பிரிங் எப்படி அடிக்கும்னு தெரியாது. தெரியாம எப்படி நம்ம புள்ளை காதுல வைக்கிறது? மனசு வரல. முதல்ல எனக்கே அடிச்சுப் பார்த்தேன். வலிக்கல. அதுக்கப்புறம்தான் அவளுக்கு வச்சேன்."

ஸ்டீம் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. இப்படி ஒரு அத்தையை மிளகு எங்கே போய்த் தேடுவாள்?

"பைத்தியம். உன் காதுதானா? இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் துண்டை மடிச்சே?"

நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய், எதுக்கு அழறே? உன்னை ஒண்ணும் சொல்லலையே."

"எனக்கு மஞ்சள் காமாலை இருக்கு அண்ணி."

"எந்தக் காமாலை?"

"பி வகை. எட்டு வருஷமா. ரத்தத்துல இருக்குன்னு சொன்னாங்க. உடம்புக்கு ஒண்ணும் பண்ணல, வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்துக்கிட்டாப் போதும்னாங்க. நல்லாத்தானே இருக்கேன், மறந்தே போச்சு. இப்ப நீங்க ரத்தம்னு சொன்னதும்தான்..."

ஸ்டீம் அக்காவின் கையில் போன் டாக்டரின் எண்ணோடு வெளிச்சமாக இருந்தது.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"கல்யாணப் பேச்சு நடந்த சமயம். அப்புறம் அது நின்னும்போச்சு. நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்க, தெரிஞ்சா எனக்குத் தட்டைத் தனியா வச்சிடுவீங்களோன்னு பயம்."

"தட்டுல ஒட்டாதும்மா அது!" கத்திவிட்டாள். "கூட உட்கார்ந்து சாப்பிட்டா வராது. கட்டிப்பிடிச்சா வராது. எட்டு வருஷம் இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா எங்க வீட்ல சாப்பிட்டே? ரத்தத்துல வரும். ரத்தத்துல மட்டும் கவனமா இருக்கணும். அதை நான் சொல்லியிருப்பேனே."

"அண்ணன்தான் வேண்டாம்னார்."

"யாரு?"

"அண்ணன்தான் கூட வந்து டெஸ்ட் எடுத்தது. அவருக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும்."

எட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அந்தக் கோபத்துக்கு இப்போது நேரம் இல்லை. அவள் மனம் ஆஸ்பத்திரிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸுகளுக்கு என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தடுப்பூசி முழுசாகப் போட்டு, ரத்தத்தில் அதன் சக்தி இருந்தால் பயம் இல்லை. இல்லாவிட்டால் வேறொரு ஊசி உண்டு, அதை ஏழு நாளுக்குள் போட வேண்டும். அதைத் தாண்டினால் பலன் சந்தேகம். இன்றைக்கு ஐந்தாவது நாள்.

டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"நல்ல வேளை, உண்மையைச் சொன்னாங்க," என்றார் டாக்டர். "இப்பவே ரத்தம் எடுத்துடறேன். குழந்தையா இருக்கும்போது மூணு தவணையும் போட்டீங்களா? கேட்டுச் சொல்லுங்க. அந்தத் துப்பாக்கியை மிளகுக்கு அப்புறம் யார் யாருக்கு வச்சாங்கன்னு லிஸ்ட்டும் வேணும். ஒருத்தர் விடாம."

நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். லிஸ்ட் என்றதும் மேசையில் இருந்த நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள்.

முதல் தவணை மிளகு பிறந்த அன்று. இரண்டாவது ஒன்றரை மாதத்தில். இரண்டும் அவள் மடியில் வைத்துப் போட்டது, மிளகு வீறிட்டது இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது ஆறாம் மாதம். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் அது. டபுள் ட்யூட்டி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது மெக்கானிக். வந்து அவர் சொன்னாரா, இவள் கேட்டாளா, ஒன்றும் நினைவில்லை. ஊசி அட்டை வீடு மாறியதில் தொலைந்துபோயிற்று.

கணவரின் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் இரும்புக் கயிறு உரசும் சத்தம் கேட்டது.

"வேலையில இருக்கேன், சொல்லு."

"தங்கச்சி விஷயம் தெரிஞ்சுபோச்சுங்க."

"அது வந்து... அவதான்..."

"அதை வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். இப்ப நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மிளகுக்கு ஆறாம் மாசத்துல ஒரு ஊசி. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. போட்டாங்களா?"

"எதுக்கு இப்ப?"

"போட்டாங்களா இல்லையா?"

யோசித்தார். இரும்புக் கயிற்றுச் சத்தமும் நின்றது.

"அன்னைக்குப் புள்ளைக்கு ஜுரம். ஜுரத்தோட போடக் கூடாது, அடுத்த வாரம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அடுத்த வாரம் போனீங்களா?"

நாத்தனார் நோட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

"நீ அப்புறம் கேக்கவே இல்லையே," என்றார் மெக்கானிக்.